குகநாதனுக்கு ஒரு வரி

1

இந்தக் கதை ஒரு வாக்குறுதியில் பிறந்தது. அதுவும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட வாக்குறுதி. கொடுத்தவருக்குக் குணசேகரம் என்று பெயர் வைத்திருக்கிறேன். 'நான்' என்று எழுதினால் பழியும் என் தலையில்தானே விழும்! குணசேகரம் சூரிச்சை ஒட்டிய ஷ்லீரனில் இருக்கிறார். முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. மூன்று சிறுகதைத் தொகுதிகள் வந்துவிட்டன, நாலாவது அச்சில் இருக்கிறது. அச்சாவது பெரிய அயல்நாட்டில். (அந்த நாட்டின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. ஏனென்று போகப் போகத் தெரியும்.)

2

முதலில் எழுதிய தொடக்கம்: "சூரிச்சில் பனி கொட்டிய ஒரு மாலையில், தேசமற்ற மனிதர்கள் சிலர்

சீ! பனியும் கொட்டவில்லை, மாலையும் இல்லை. பங்குனி மாத ஞாயிறு, பகல் இரண்டு மணி. லாங்ஸ்ட்ராச வீதிக்குப் பக்கத்தில் ஒரு வாடகை மண்டபம். ஐந்து மணிக்குக் கதிரைகளை அடுக்கி, கதவைப் பூட்டித் திறப்பைக் கொடுக்க வேண்டும். தேசமற்றவர்கள் என்பதும் பொய். எல்லாரிடமும் சிவப்புச் சுவிஸ் கடவுச்சீட்டு இருக்கிறது.

எங்கள் இலக்கிய வட்டத்தில் ஒன்பது எழுத்தாளர்கள், ஒரேயொரு வாசகி. வாசகியின் பெயர் தில்லைநாயகி. அலுவலகங்களைத் துப்புரவாக்கும் வேலை. வட்டத்தில் யார் புத்தகம் போட்டாலும் காசு கொடுத்து வாங்கிக் கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். (எழுத்தாளர்கள் ஒருவரையொருவர் வாசிப்பதில்லை. அது ஊரறிந்த விஷயம்.)

அன்றைய கலந்துரையாடல் 'சின்னத் தேசமும் பெரிய அயலும்'. எங்கள் தேசம் எது என்பதில் ஒன்பது பேருக்குப் பத்துக் கருத்து. முழுத் தீவா, வடக்கும் கிழக்குமா, இல்லை வரி கட்டுகிற இந்த மலைநாடா? அயலவரின் கை எங்கள் கழுத்தில் இருக்கிறது என்பதில் மட்டும் ஒற்றுமை. தலைவர் யோகராஜா மேசையில் அடித்தார். "இறைமை எண்டது கொடியும் கீதமும் இல்லை. பெரியவனுக்கு முன்னாலை நிண்டு 'ஏலாது' எண்டு சொல்லுறது!"

கைதட்டினார்கள். தேநீரும் ரோல்ஸும் வந்தன. பத்திரிகைகளுக்குக் கூட்டறிக்கை விடுவதென்று தீர்மானித்தார்கள்.

3

அப்போது தில்லைநாயகி அக்கா எழும்பினார். வட்டத்துக்கு வரத்தொடங்கி மூன்று வருடத்தில் அவர் பேச எழும்பியது அதுதான் முதல் தடவை.

"என்ரை தம்பியையும் அதிலை போடுங்கோ. குகநாதன். பத்தொன்பது வயசு. எண்பத்தேழிலை படலையடியிலை சைக்கிளுக்குக் காத்தடிச்சுக்கொண்டு நிண்டவனைச் சுட்டவங்கள். ஆர் சுட்டதெண்டும் போடுங்கோ. இண்டைக்கு வரைக்கும் ஒரு கடதாசியிலையும் அது இல்லை."

அறிக்கையை ஜெர்மன் மொழிக்கு மாற்ற வந்திருந்த ஜெனனி, சட்டம் படிக்கிற பிள்ளை, மடிக்கணினியில் தட்டினாள். புரொஜெக்டர் வெளிச்சத்தில் சுவரில் எழுத்து விழுந்தது.

*குகநாதன் ———— படையினரால் சுட்டுக் கொல்லப்பட்டான்.*

"நாட்டின்ரை பேர் வேண்டாம் பிள்ளை" என்றார் யோகராஜா. மகளின் கலியாணச் சீலை எடுக்க வைகாசியில் அங்கே போக இருக்கிறார். விசா எடுக்க வேண்டும்.

*குகநாதன் அயல்நாட்டுப் படையினரால்*

இன்னொருவருக்கு அங்கேதான் கண் சத்திரசிகிச்சை.

*குகநாதன் சீருடை தரித்தோரால்*

மற்றவருக்கு அங்கே கோயில் நேர்த்திக்கடன்.

*குகநாதன் அசம்பாவிதமொன்றில் உயிரிழந்தான்.*

"இது அவ சொன்னதில்லையே, அங்கிள்" என்றாள் ஜெனனி.

"உமக்கு உது விளங்காது பிள்ளை" என்றார் யோகராஜா.

குணசேகரம் எழும்பினார். சும்மா இருந்திருக்கலாம். அவருடைய புத்தக வெளியீடும் அங்கேதான், அவருடைய விசா விண்ணப்பமும் போய்விட்டது. ஆனாலும் வாய் கேட்கவில்லை. "அக்கா, அறிக்கை கிடக்கட்டும். நான் கதையா எழுதுறன். கதையிலை ஒருத்தரும் கை வைக்கேலாது."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகு கதிரைகளை அடுக்கினார். எழுத்தாளர்கள் வாசலில் நின்று இறைமை கதைத்தார்கள்.

4

எழுதிப் பார்த்த முடிவுகள்:

(அ) குணசேகரம் விசா விண்ணப்பத்தைக் கிழித்தெறிகிறார். மூன்று பக்கம் உருகி உருகி எழுதினேன். விண்ணப்பம் இணையத்தில் போட்டது. எதைக் கிழிக்கிறது?

(ஆ) அக்கா எல்லாரையும் மன்னித்து, அவர்களுக்குத் தேநீர்

வேண்டாம். அவர் யாரையும் மன்னிக்கவில்லை.

நடந்தது இதுதான். இரண்டு கிழமை கழித்துக் குணசேகரம் கதையின் பிரதியை ட்ராம் தரிப்பிடத்தில் வைத்து அக்காவிடம் கொடுத்தார். அக்கா நின்றபடியே வாசித்தார்.

"தம்பி, இதிலை ஓரிடம் வெறுமையாக் கிடக்கு."

"அது... வாசகர் நிரப்பட்டும் எண்டு விட்டது, அக்கா. ஒரு உத்தி."

"நான் வாசகர்தானே" என்றார்.

கைப்பையிலிருந்து பேனையை எடுத்தார். தாளைத் தரிப்பிடத்து வாங்குப் பலகையில் வைத்துக் குனிந்து, கோட்டின் மேல் நாட்டின் பெயரை எழுதினார். கேட்காமலே கீழே தன் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம்.

"என்ரை பேரிலை இருக்கிற கோயிலை ஒருக்காப் பாக்கவேணும் எண்டு ஆசை. இனி அங்கை விடமாட்டாங்கள் போலை. விடாட்டிப் போகட்டும்."

ட்ராம் வந்தது. தாளைக் குணசேகரத்தின் கையில் கொடுத்துவிட்டு ஏறிப் போய்விட்டார்.

5

இனிக் குணசேகரத்துக்குப் பின்னால் ஒளிந்து பயனில்லை. அந்தத் தாள் என் மேசையில் இருக்கிறது. என் விசா வெள்ளிக்கிழமை வந்தது. அக்கா எழுதிய சொல்லைத் தட்டச்ச ஐந்து தரம் உட்கார்ந்துவிட்டேன். மூன்றாம் பகுதியைத் திரும்பிப் பாருங்கள், இன்னும் கோடுதான் கிடக்கிறது. வெட்கமாக இருக்கிறது. இருந்தும் தட்டவில்லை.

இதற்கு முடிவு எழுத எனக்கு ஏலாது. உங்களிடம் பேனை இருந்தால் அந்தக் கோட்டில் எழுதுங்கள். அக்காவைப் போலக் கீழே முகவரியும் போடுவீர்களா என்று நான் கேட்கப்போவதில்லை.

நேற்று அக்கா தொலைபேசியில் கதைத்தார். "புத்தகம் வந்தவுடனை எனக்கொண்டு எடுத்து வையுங்கோ தம்பி."

"ஓம் அக்கா" என்றேன்.

அவர் கடைசிப் பக்கம் வரை வாசிப்பார்.