அக்னஸ் டீச்சரின் வலது புருவம்

1

இந்தக் கதை ஒரு துண்டுப்பிரசுரத்திலிருந்து தப்பி வந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியில் ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே பிளாஸ்டிக் சர்ஜனாக இருக்கும் டாக்டர் சாந்தினி, தொய்ந்துபோன புருவத்தைத் தூக்கி நிறுத்தும் சிகிச்சைகளைப் பற்றித் தமிழில் நான்கு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "மலாய்ல இருக்கு, இங்கிலீஷ்ல இருக்கு சார். நம்ம வயசானவங்க அதைக் கையில வாங்கி அப்படியே மடிச்சு வச்சிர்றாங்க" என்றார். கடைசிப் பக்கத்தில் சிகிச்சை செய்துகொண்ட ஒருவரின் அனுபவம் வேண்டும். பத்து வரி போதும்.

அந்தப் பத்து வரிக்காகத்தான் அக்னஸ் டீச்சரின் வீட்டுக்குப் போனேன். அவர் மூன்று மணி நேரம் பேசினார்.

(பிரசுரத்தில் கடைசியில் அச்சானது ஒரே வரி: "இப்போது எனக்கு வலது கண் நன்றாகத் தெரிகிறது." அது பொய்யில்லை.)

மீதியைக் கதையாக எழுதலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "பேரையெல்லாம் மாத்திருங்க. ஊரை மாத்தாதீங்க" என்றார். அதனால் அக்னஸ் என்பது அவர் பெயரில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது: "அக்னஸ் கண்ணாடி முன்னால் நின்று தன் முகத்தையே..."

[நிறுத்திவிட்டேன். அந்த வீட்டில் கண்ணாடியே கிடையாது. கண்ணாடிக்குள் தெரியும் கிழவரைப் பார்த்து, "யார்ரா நீ, என் வீட்டுல உனக்கென்ன வேலை?" என்று அவருடைய கணவர் வால்டர் சண்டைக்குப் போக ஆரம்பித்ததும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டார்கள்.]

இரண்டாவது தொடக்கம். இதை வைத்துக்கொள்கிறேன்:

நான்கு ஆண்டுகளுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, அக்னஸ் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது வாயிலிருந்த தண்ணீர் அவரைக் கேட்காமலேயே வலது பக்கமாக ஒழுகியது. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போனார். முகவாதம் என்றார்கள். மாத்திரை, பயிற்சி, ஆறு மாதம். வாய் நேரானது. இமை மூடித் திறந்தது. புருவம் மட்டும் ஏறவில்லை. இறங்கி வந்து கண்ணிமைமேல் உட்கார்ந்துகொண்டது. சிக்னல் விளக்கைப் பார்க்க அவர் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்தது.

சுங்கை லாலாங் பக்கத்து எஸ்டேட் ஒன்றின் பாலர் பள்ளியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர் அக்னஸ். 'சிரிச்ச மூஞ்சி டீச்சர்' என்று பிள்ளைகள் பெயர் வைத்திருந்தார்கள். இப்போது வயது அறுபத்து நான்கு. வால்டர் அதே எஸ்டேட் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்து ஓய்வு பெற்றவர். இருவரும் சுங்கைப் பட்டாணியில் ஒரு தாமான் குடியிருப்பில் வரிசை வீடு வாங்கிக் குடிவந்திருந்தார்கள். அக்னஸுக்கு முகம் இறங்கிய அதே ஆண்டில்தான் வால்டருக்கு ஞாபகம் போக ஆரம்பித்தது.

இடது பக்கமிருந்து பார்த்தால் அக்னஸ் பழைய அக்னஸ்தான். வலது பக்கமிருந்து பார்த்தால் யாரையோ திட்டப்போகிறவர்போல இருப்பார். வால்டருடைய நாற்காலி வலது பக்கத்தில் இருந்தது.

"என் மேல கோவமா?"

"இல்லங்க."

"பின்ன ஏன் அப்படிப் பாக்குற?"

"வாதம் வந்துச்சுல்ல, மூஞ்சி இப்படி ஆயிருச்சுங்க."

"ஓ."

பத்து நிமிடம் கழித்து மறுபடியும்: "என் மேல கோவமா?"

நாற்காலியை இடது பக்கம் மாற்றிப் பார்த்தார் அக்னஸ். வால்டர் அதைத் தூக்கிப் பழைய இடத்திலேயே போட்டுக்கொண்டார். சில நாள் கேள்வியோடு நிற்காது. சோற்றைத் தொடமாட்டார். பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

3

அடுத்ததாக நான் எழுதிய வாக்கியம்: "அக்னஸுக்குக் கணவர்மேல் கோபமே இல்லை."

எழுதிவிட்டு இரண்டு நாள் அதற்குமேல் போக முடியவில்லை. பாத்திரத்தின்மேல் எனக்கே நம்பிக்கை வரவில்லை. "இல்லங்க" என்று இவ்வளவு சீராக, நாளைக்கு இருபது தடவை, நான்கு வருடம் ஒருவரால் சொல்ல முடியுமா? தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"டீச்சர், தப்பா நினைக்காதீங்க. நெசமாவே கோவம் இல்லையா?"



"அட்ரியனைப் பத்தி எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல. அது குடும்ப விஷயம்னு விட்டுட்டேன்."

"எழுதுங்க. அதை விட்டுட்டா இது வெறும் தோல் விஷயமாப் போயிரும்."

எழுதுகிறேன். அட்ரியன் ஒரே மகன். பதினோரு வருடத்துக்கு முன், பக்கத்து ஊரான கூலிமில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் அப்துல் சமதுவின் மகள் அனீசாவை விரும்பினார். மணம் முடிக்க மதம் மாறினார். வேறு பெயர் வைத்துக்கொண்டார். அம்மா மட்டும் இன்றுவரை அட்ரியன் என்றுதான் கூப்பிடுகிறார். அட்ரியன் செய்தியைச் சொல்ல வந்த அன்று வால்டர் சத்தம் போடவில்லை. மகனுடைய துணிகளைத் தானே மடித்துப் பெட்டியில் வைத்து, பெட்டியைக் கேட்டுக்கு வெளியே கொண்டுபோய் வைத்தார். "நான் இருக்கிற வரைக்கும் இந்த வாசலை மிதிக்காத" என்றார். உள்ளே வந்து, "டீ போடு" என்றார்.

அக்னஸ் டீ போட்டார்.

அதன்பிறகு வால்டருக்கு ஞாபகம் இருந்த ஏழு வருடமும், சர்ச் மாதர் கூட்டம் என்று சொல்லிவிட்டு அக்னஸ் பஸ் ஏறிக் கூலிமுக்குப் போவார். பேத்தியை முதன்முதலாக அவர் மடியில் வாங்கியது சமதுவின் கடையில், மூன்றாவது மேசையில். திரும்பி வந்து சமைப்பார். சட்டை தேய்த்து வைப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வால்டர் பக்கத்திலேயே உட்காருவார். முகத்தில் எதுவும் தெரியாது.

"அந்த ஏழு வருஷத்துல ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, 'என் மேல கோவமா'ன்னு அவர் கேக்கல சார்" என்றார் தொலைபேசியில். "புருவம் எறங்கின பொறவுதான் கேட்டாரு. அதுவும், என்ன செஞ்சோம்கிறதே மறந்துபோன பொறவு."

நான் எழுதியிருந்த வாக்கியத்தை அடித்தேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் மேலே விட்டுவைத்திருக்கிறேன்.

(ஒன்று சொல்ல விட்டுப்போனது. அப்பாவுக்கு எல்லாம் மறந்துவிட்டதே, இனி வீட்டுக்கு வரலாமே என்று அம்மா கூப்பிட்டபோது அட்ரியன் வரவில்லை. "அவர் மறந்துட்டாரும்மா. நான் மறக்கலயே" என்றார். அம்மாவை எங்காவது கூட்டிப்போக வேண்டுமென்றால் கேட்டுக்கு வெளியே காரில் உட்கார்ந்திருப்பார்.)

4

ஒரு நாள் அக்னஸ், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் புருவத்தை மேலே இழுத்து நெற்றியோடு ஒட்டிக்கொண்டார். அதை மறைக்க முன்முடியை இறக்கிவிட்டார். அன்று காலை வால்டர் ஒன்றும் கேட்கவில்லை. ரொட்டியைக் கோப்பியில் நனைத்துச் சாப்பிட்டார். எஸ்டேட் ஆபீசில் பாம்பு புகுந்த கதையைச் சொன்னார். அக்னஸ் சிரித்தார். கலியாணமான புதிதில் இருந்ததுபோல இருந்தது என்று என்னிடம் சொன்னார்.

பகல் சமையலின்போது வேர்வையில் பிளாஸ்டர் நழுவியது. குழம்போடு திரும்பினார். புருவம் மெல்ல இறங்குவதை வால்டர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து, செருப்புக்கூடப் போடாமல் வெளியே போய்விட்டார்.

முச்சந்தியில் நின்றவரைப் பக்கத்து வீட்டுக் காஞ்சனாதான் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். "அங்க்கிள் வீட்டுக்கு வரமாட்டேங்கிறார்லா, ஆண்ட்டி. உள்ள யாரோ கோவமா இருக்காங்களாம்" என்றார்.

அதற்கு அடுத்த வாரம் அட்ரியன் அம்மாவை டாக்டர் சாந்தினியிடம் கூட்டிப்போனார்.

பிரசுரத்தில் நான் சிகிச்சை வகைகளைத் தலைப்பு போட்டுப் பிரித்து எழுதினேன். உண்மையில் அது நடந்தது இப்படி.

"ஊசி போடலாம்னு டிவியில காட்டுனாங்களே டாக்டர்?"

"அது துடிக்கிற தசையை அடக்குறதுக்கு, டீச்சர். உங்களுக்கு அந்தப் பக்கம் தசையே வேலை செய்யல. வேணும்னா நல்லா இருக்கிற இடது பக்கம் போட்டு, அதையும் கொஞ்சம் எறக்கலாம். ரெண்டும் சமமாத் தெரியும். ஆனா கண்ணை மறைக்கிறது போகாது."

"ரெண்டு பக்கமும் கோவமா இருக்குமா?"

டாக்டர் சிரித்துவிட்டார். அக்னஸ் சிரிக்கவில்லை.

தோலுக்கடியில் நூல் கோத்து இழுத்து வைக்கலாம். ஆனால் ஒன்று, ஒன்றரை வருடத்தில் தளர்ந்துவிடும். தலைமுடிக்குள் சின்னச் சின்னதாகக் கீறி, கேமரா செலுத்தி, உள்ளிருந்தே மேலே தூக்கிக் கட்டலாம். தழும்பு வெளியே தெரியாது. அதற்கு முழு மயக்கம் வேண்டும். அக்னஸுக்கு ரத்த அழுத்தம் உண்டு. செயலிழந்த புருவம் கனமாகத் தொங்குவதால் மறுபடி இறங்கவும் கூடும். ஒரு காதிலிருந்து மறு காதுவரை தலைமேல் திறந்து நெற்றியையே இழுப்பது ஒன்று இருக்கிறது. "இந்த வயசுல, ஒத்தைப் புருவத்துக்கு, அது வேணாம்" என்றார் டாக்டர்.

கடைசியாக ஒன்றைச் சொன்னார். புருவத்துக்கு நேர் மேலே பிறை வடிவத்தில் கொஞ்சம் தோலை வெட்டி எடுத்துவிட்டுத் தைப்பது. அந்த இடம் மட்டும் மரத்துப்போக ஊசி போட்டால் போதும். தழும்பு இருக்கும், புருவ முடியை ஒட்டி ஒரு கோடாக.

"வாதம் வந்த பக்கத்துக்கு இதுதான் நிக்கும். ஆனா ஒண்ணு டீச்சர். என்னால தூக்கி நிறுத்தத்தான் முடியும், அசைய வைக்க முடியாது. நீங்க கோவப்பட்டாலும் அந்தப் புருவம் காட்டாது. ஆச்சரியப்பட்டாலும் காட்டாது."

"அப்ப இனிமே யாரும் கேக்க மாட்டாங்க" என்றார் அக்னஸ்.

டாக்டருக்கு அது புரியவில்லை. சந்தோஷமாகச் சொல்கிறார் என்று நினைத்து, தேதி குறித்துக்கொள்ளலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்வதாகக் கூறிவிட்டு அக்னஸ் எழுந்துவிட்டார்.

5

அவர் யோசித்த இரண்டு வாரத்தை எப்படி எழுதுவதென்று எனக்குத் தெரியவில்லை. "ஒரு பக்கம் பயந்த கணவர், மறு பக்கம்..." என்று தொடங்கி விட்டுவிட்டேன். தராசு வைத்து நிறுத்தாற்போல இருந்தது. அவர் அப்படி யோசிக்கவில்லை. நாளைக்கு இருபது தடவை அந்தக் கேள்வி வந்தது. ஒவ்வொரு தடவையும், "ஆமா, கோவந்தான்" என்று சொல்லிப் பார்க்கலாமா என்று வாய் வரைக்கும் வந்தது. அவ்வளவுதான்.

ஒரு மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தோடு அவர் அருகில் போனபோது வால்டர் கையை மடக்கி முகத்துக்குக் குறுக்கே வைத்துக்கொண்டார்.

"அடிக்காத" என்றார்.

அக்னஸ் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டார். புருவத்துக்கு மேல் வெட்டுவதே போதும், எந்தத் தேதி இருக்கிறதோ அதற்கே வருகிறேன் என்றார்.

அறுவை ஒரு மணி நேரத்துக்குள் முடிந்தது. தையல் பிரிக்கும்வரை கூலிமில் அட்ரியன் வீட்டில் இருந்தார். வால்டரைக் காஞ்சனாவும் அவர் கணவர் ஜெயகுமாரும் பார்த்துக்கொண்டார்கள்.

இனி வீடு திரும்ப வேண்டும். இந்த இடத்துக்கு இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில், வால்டர் அவரைப் பார்த்ததும் அடையாளம் கண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுகிறார். எழுதும்போது எனக்கே கண் கலங்கியது. அதனாலேயே கிழித்தேன். இரண்டாவதில், புது முகத்தைப் பார்த்து அலறி மறுபடியும் தெருவுக்கு ஓடுகிறார். அது அக்னஸுக்கு நான் செய்யும் கொடுமை. அதையும் கிழித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன்.

6

ஒன்பதாவது நாள், காலை பதினொரு மணி இருக்கும். அட்ரியன் காரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. அக்னஸ் மட்டும் இறங்கி உள்ளே போனார்.

வால்டர் முன்வாசலில் உட்கார்ந்திருந்தார். அக்னஸைப் பார்த்ததும் எழுந்து, திறந்திருந்த சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

"வாங்கம்மா, உக்காருங்க. மிஸிஸ் வெளிய போயிருக்காங்க. வந்துருவாங்க."

அக்னஸ் உட்கார்ந்தார். வால்டர் அவர் முகத்தை நேராக, நிதானமாகப் பார்த்தார். நான்கு வருடத்தில் அவர் அப்படிப் பார்த்ததில்லை. பிறகு தன் நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்கு அவளைத் தெரியுமா?"

"தெரியும்."

வால்டர் குரலைத் தாழ்த்தினார். "அவளுக்கு எம்மேல கோவம்மா. கேட்டா இல்லைங்கிறா. நான் என்னமோ செஞ்சிருக்கேன், என்னன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது. உங்ககிட்ட எதும் சொல்லியிருக்காளா?"

இதற்கு அக்னஸ் ஒரு பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும். "அதை மட்டும் எழுதாதீங்க சார்" என்று கேட்டுக்கொண்டார். நானாக எதையாவது வைத்து நிரப்பிவிடலாம் என்று நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். இரண்டில் அவர் உண்மையைச் சொல்கிறார், இரண்டில் மன்னிக்கிறார். எதுவும் அவர் குரலில் வரவில்லை. அந்த இடத்தைப் புள்ளிக் கோடாகவே விடுகிறேன்.

"................................................" என்றார் அக்னஸ்.

 வால்டர் எழுந்து, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து வெளியே போனார். காரின் கண்ணாடியை விரலால் தட்டினார். அட்ரியன் இறக்கினார்.

"எதுக்குத் தம்பி வெயில்ல வண்டியிலயே உக்காந்திருக்கீங்க? உள்ள வாங்க."

அட்ரியன் அப்பாவின் தோளைத் தாண்டி வாசலில் நின்ற அம்மாவின் முகத்தைப் பார்த்தார். அதில் அவரால் எதையும் படிக்க முடியவில்லை. எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினார்.

மேலே உள்ள புள்ளிக் கோட்டை நீங்கள்தான் நிரப்ப வேண்டும். நீங்கள் எழுதுவதைப் பொறுத்து, வால்டர் உள்ளே கூப்பிட்டது தன் மகனையா, வெயிலில் காத்திருந்த யாரோ ஒருவரையா என்பது மாறும். அட்ரியனுக்கு அது இன்றுவரை தெரியாது. இப்போது வாரம் ஒரு தடவை மகளையும் கூட்டிக்கொண்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டுக்கு வால்டர் பக்கத்தில் உட்காருகிறார்.

அன்றைக்கு என்ன சொன்னீர்கள் என்று அம்மாவிடம் அவர் கேட்கவில்லை.