வெம்பக்கோட்டை ஆட்களின் லீவு

சிவகாசியில் பட்டாசு லேபிள் அச்சடிக்கும் பிரஸ் ஒன்றுக்கு சாபிர் வெகுகாலமாக மேனேஜர். ஆட்களுக்கு லீவு விடுவதும் விடாததும் அவர் வாய்ச்சொல்தான். இரண்டாயிரத்து ஏழில் முதலாளி சீனிவாசகம் தன் கம்பெனிகள் எல்லாவற்றையும் விருதுநகர் ஆபீஸோடு கம்ப்யூட்டரில் இணைத்தார். தன் ஆளுக்குத் தானே லீவு விட்டால் முகதாட்சண்யம் வந்துவிடும் என்று, ஒரு கம்பெனி லீவை இன்னொரு கம்பெனி மேனேஜர் முடிவுசெய்யும்படி மாற்றினார். பிரஸ் ஆட்களின் லீவு வெம்பக்கோட்டைப் பட்டாசுக் கம்பெனி மேனேஜர் ஊர்க்காவலனிடம் போனது. அங்குள்ளவர்களின் லீவு சாபிரிடம் வந்தது.

ஆரம்பத்தில் சாபிர் ஒவ்வொரு பெயருக்கும் ஊர்க்காவலனுக்கு போன் போட்டு விசாரித்தார். அப்புறம் விட்டுவிட்டார். ஆள் குறைவான நாளுக்கு யாராவது லீவு கேட்டால் பெயர் சிவப்பாகத் தெரியும். சிவப்பென்றால் இல்லை, பச்சையென்றால் சரி. டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிடும்.

தீபாவளி சீசனில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மிஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு பெண் வந்து நின்றாள். வெம்பக்கோட்டையில் வெடிக்குத் திரி வைக்கிற மாரித்தாய்.

"சாபிர் சார்ங்கிறது நீங்கதானா? ஊர்க்காவலன் சார் கையில ஒண்ணும் இல்லையாம். ஒங்களப் பாக்கச் சொன்னாக."

அவள் புருஷனுக்குக் கண்ணில் ஆபரேஷன். மதுரை ஆஸ்பத்திரியில் போன மாதமே நாள் குறித்திருந்தார்கள். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. துணைக்கு ஆள் இல்லாமல் வந்தவரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது வருகிற வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் மற்றக் கண்ணும் மங்கிப்போச்சு என்றாள். குரலில் கோபமில்லை.

தான் மறுத்த அந்த நாளை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார் சாபிர். முடியவில்லை. வருத்தப்பட வேண்டும் என்று தெரிந்தது. வருத்தமும் வரவில்லை.

வியாழக்கிழமைக்கு அவள் கேட்டிருந்த லீவு சிவப்பாகத்தான் நின்றது. அவள் முன்னாலேயே சரி கொடுத்தார். பெயர் மஞ்சளானது. சிவப்பை மீறினால் விருதுநகரும் சம்மதிக்க வேண்டுமாம். சீனிவாசகத்துக்கு போன் செய்தார். முதலாளி பொறுமையாகத்தான் கேட்டார்.

"நீங்க போன்ல சொல்லி நான் விட்டா, அம்புட்டுச் செலவு பண்ணி இத எதுக்கு மாட்டுனோம் சாபிர்? வரிசையில வரட்டும், பாப்போம்."

போகலாமா என்று மாரித்தாய் கேட்டாள்.

"போயிட்டு வாம்மா. நான் பாத்துக்கிடுதேன்."

சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்தது.

வியாழக்கிழமை அவள் மதுரைக்குப் போனாள். மஞ்சள் மாறவேயில்லை. சனிக்கிழமை பார்த்தபோது அவள் பெயரே கம்ப்யூட்டரில் இல்லை. சீசனில் லீவு இல்லாமல் வேலைக்கு வராதவர்களை அதுவே நீக்கிவிடும் என்று ஊர்க்காவலன் போனில் சொன்னார். காலையில் கேட்டுக்கு வந்தவளை அவர்தான் திருப்பி அனுப்பியிருந்தார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம், அதையும் சொன்னார்.

திரும்பச் சேர்க்க யாரிடம் சொல்ல வேண்டும் என்று சாபிர் கேட்டார்.

"அது நீங்கதான்னுல்லா நான் நெனச்சிருந்தேன்" என்றார் ஊர்க்காவலன்.

பிறகு லேபிள் லோடு எப்போது வரும் என்று ஊர்க்காவலன் விசாரித்தார். சாபிர் சொல்லிவிட்டு போனை வைத்தார்.

திங்கட்கிழமைக்கான பெயர்கள் வந்திருந்தன. ஒன்று மட்டும் சிவப்பு. சாப்பாடு வந்துவிட்டதாக வெளியிலிருந்து யாரோ சொன்னார்கள். அந்தச் சிவப்புக்கும் இல்லை போட்டுவிட்டு, கை கழுவப் போனார்.