பிடித்து நிறுத்தியது

சட்டைக் கையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டால் போதும், அம்மா கண்ணில் படாது என்று நினைத்துக்கொண்டே ஜெஸ்மி அப்பாவின் முழுக்கைச் சட்டைக்குப் பொத்தான் போட்டாள். இரண்டு மணிக்கட்டிலும் வளையல் போலக் கருநீலத் தடம். தொண்டையில் போட்ட மூச்சுக் குழலைப் பிடுங்கிவிடாமல் இருக்கக் கட்டிலோடு சேர்த்துக் கட்டியது. கட்டியது அவள்தான். வேறு சிஸ்டர் கட்டினால் இறுக்கிவிடுவாள் என்று பஞ்சு வைத்து அவளே கட்டினாள். அப்படியும் தடம் விழுந்தது. அம்பூரித் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய கைகள். இழுத்துக்கொண்டே இருந்தன.

அவள் நர்ஸாக வேலை பார்க்கும் ஐசியூவுக்குள் கொண்டுபோகும்போதே அப்பா வேதமாணிக்கம் அவளிடம் சொன்னார். "எனக்குத் தொண்டையில கொழலொண்ணும் போடப்பிடாது மக்கா. நீ இருக்கேல்லா, பாத்துக்க."

அதை அவள் தோஹாவிலிருந்த அண்ணனிடம் சொன்னாள்.

"நான் வாறது வர எப்படியாவது பிடிச்சு நிறுத்து," என்றான் எபின். "ஒனக்க ஐசியூதானே? நான் வாறதுக்குள்ள ஏதாவது ஆச்சுன்னா நீயாக்கும் காரணம்."

போனைப் பிடித்திருந்த அம்மா அழுதாள். ஜெஸ்மி சம்மதித்தாள்.

எபினுக்கு லீவு கிடைக்கத் தாமதமானது. நேற்றுத்தான் வந்தான். அதற்குள் அப்பாவுக்கு நினைவு போயிருந்தது, கட்டு தேவைப்படவில்லை. ஜெஸ்மி அவிழ்த்து, கைகளைப் போர்வைக்குள் வைத்திருந்தாள். எபின் பார்த்தான், அழுதான், இனி மெஷின் வேண்டாம் என்றான். அதை எடுத்ததும் அப்பா போய்விட்டார்.

இப்போது கூடத்தில் அத்தை எல்லோருக்கும் கேட்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். "மவனுக்க முகத்தப் பாக்காம போவமாட்டேன்னு உயிரப் பிடிச்சிட்டுக் கெடந்தாரு எங்க அண்ணன். பாசம்னா இதாக்கும்."

எபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு தலையாட்டினான்.

"இவளுக்கு ஒரு சொட்டு வருதா பாரு," அத்தை பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள். "தெனமும் பாத்துப் பாத்து மரத்துப் போச்சு."

வாசலில் சவப்பெட்டி வந்து இறங்கியது. அதோடு வந்த வெள்ளைக் கையுறைகளை எபின் தங்கையிடம் நீட்டினான்.

"நீ போட்டுவிடு மோளே. ஒனக்குப் பழக்கம்தானே."

ஜெஸ்மி ஒரு கணம் அவற்றைப் பார்த்தாள்.

"நீ போடு அண்ணா. ஒனக்காகத்தானே கெடந்தாரு."

அவன் உட்கார்ந்து அப்பாவின் வலது கையை எடுத்தான். உப்பிய விரல்களில் கையுறை நுழையவில்லை. சட்டைக் கையை மேலே தள்ளினான். கருநீலத் தடத்தைத் தொட்டுப் பார்த்தான். பிறகு இடது கையையும் தள்ளிப் பார்த்தான்.

"இது..."

"கொழலப் பிடுங்கப் பாத்தாரு," என்றாள் ஜெஸ்மி, அவனுக்கு மட்டும் கேட்கும்படி. "நீ வாறது வர."

அவன் இரண்டு கைகளையும் அவசரமாக மூடினான்.

"என்னலே, இன்னும் ஆகல்லியா? போதகர் வந்தாச்சு," என்றாள் அத்தை.

"ஒண்ணுமில்ல அத்தே." குரலைத் தாழ்த்திக்கொண்டான். கையுறைகளை மறுபடியும் தங்கையிடம் நீட்டினான். "மோளே, நீயே போடு. அம்மா எழும்பி வாறா. பாத்துருவா."

"நான் போடல்ல அண்ணா."

அவள் தன் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். அவன் நீட்டிய கையில், மின்விசிறிக் காற்றுக்கு, கையுறையின் வெற்று விரல்கள் அசைந்துகொண்டிருந்தன.