பந்தயத்துக்கு முந்தைய காலைகள்

விடியற்காலையில் மொட்டை மாடிக்கு முதலில் ஏறுகிறவள் முத்துலட்சுமிதான். கையில் துடைப்பம் இருக்கும். தரையில் ஒரு சின்னக் கல் கிடந்தாலும் போதும், கார் அதன்மேல் ஏறிக் குட்டிக்கரணம் போட்டுவிடும். அதனால் பெருக்கி முடித்த பிறகும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குந்தி உட்கார்ந்து, தட்டோடுகளின் இடுக்கில் மாட்டியிருக்கும் பரல்களை விரல் நகத்தால் நெம்பி எடுத்து ஓரமாகப் போடுவாள். மாசி மாதத்துப் பனியில் தரை லேசாக நசநசத்துக் கிடக்கும். மாம்பலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் வந்து நின்று கிளம்புகிற ஓசை கேட்கும். கடையிலிருந்து கொண்டுவந்த, துணி சுற்றி வரும் அட்டைக் குழாய்களை வரிசையாகப் படுக்கவைத்துப் பாதை ஒன்று அமைப்பாள். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி ஒரு வளைவு, துணிக்கொடிக் கம்பத்தை ஒட்டி இன்னொன்று. எல்லாம் முடிந்து அவள் நிமிரும்போது படியில் அவனுடைய காலடி கேட்கும். ஒரு கையில் காரும் மறு கையில் நீண்ட ஏரியல் வைத்த பெட்டியுமாக அவள் கணவன் ராஜரத்தினம் வருவான். அந்தக் காலடிக்காகத்தான் அவள் இரவு சீக்கிரம் கண்ணை மூடினாள் என்பது அவனுக்குத் தெரியாது.

கார் சிங்கப்பூரிலிருந்து வந்தது. எமர்ஜென்சி முடிந்த மறு வருஷம் அது. ராஜரத்தினத்தின் சித்தப்பா மகன் ஜவஹர் அங்கே கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். லீவில் வருகிறேன், என்ன வேண்டும் என்று கேட்டதற்கு வீட்டில் எல்லோரும் நைலக்ஸ் புடவை, டேப் ரெக்கார்டர் என்று சொன்னபோது, இவன் மட்டும் ரேடியோவில் ஓடுகிற ஜப்பான் கார் என்று சொல்லியிருக்கிறான். அது காராகவே வரவில்லை, பெட்டி நிறையத் துண்டு துண்டாக வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் கடை குடோனில் உட்கார்ந்து அவனே திருகித் திருகிச் சேர்த்தான். பாலிடெக்னிக்கில் மெஷின் படித்தவன். அப்பா இறந்துபோன வருஷமே அண்ணன் கணேசமூர்த்தி அவனைக் கூட்டிவந்து உஸ்மான் ரோடு ஜவுளிக் கடையில் சட்டைத் துணிப் பிரிவில் உட்காரவைத்துவிட்டார். அவனும் மறு பேச்சுப் பேசாமல் உட்கார்ந்துகொண்டான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்தக் கார் வருகிறவரை முத்துலட்சுமி அவனோடு மொத்தமாக எவ்வளவு பேசியிருப்பாள் என்று யோசித்தால் அவளுக்கே வெட்கமாக இருக்கும். கீழே வீடு நிறைய ஆட்கள். அவன் கடையைச் சாத்திவிட்டு வரும்போது அவள் அடுப்படியில் பாத்திரத்தோடு நிற்பாள். அறைக்குப் போகும்போது அவன் தூங்கியிருப்பான். கெட்டவன் இல்லை. ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஆனால் அவனைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அவன் சட்டையின் அளவும், ரசத்தில் புளி தூக்கலாக வேண்டும் என்பதும்தான். கோவில்பட்டியிலிருந்து ரயிலேறி வந்தது இதற்குத்தானா என்று சில மத்தியானங்களில் தோன்றும். யாரிடம் சொல்ல?

முதல் நாள் மாடியில் காரை விடும்போது துணைக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. கவிழ்ந்தால் நிமிர்த்திவைக்க. அதற்காகத்தான் அவளைக் கூப்பிட்டான். கடை வேனின் பழைய பேட்டரியிலிருந்து ஒரு தடவை சார்ஜ் ஏற்றினால் காருக்கு ஆயுள் ஒரு தம்ளர் காப்பி ஆறுகிற நேரம்தான். அது ஓடி ஓய்ந்த பிறகும் இரண்டு பேரும் உடனே இறங்கவில்லை. தொட்டி நிழலில் உட்கார்ந்தார்கள். அவன் பேசினான். பாலிடெக்னிக்கில் கடைசல் மெஷினில் பித்தளைப் பம்பரம் செய்து வாத்தியாரிடம் அடி வாங்கியதைச் சொன்னான். அவள் சிரித்ததைப் பார்த்து இன்னொன்று சொன்னான். மறுநாள் அவள் தன் அப்பாவின் தீப்பெட்டி ஆபீஸைப் பற்றிச் சொன்னாள். பிறகு அதுவே வழக்கமாயிற்று. கீழே கணேசமூர்த்தியின் மனைவி பேச்சியம்மாள், "முத்து, பால் பொங்குது பாரு" என்று குரல் கொடுக்கிறவரை அந்தக் காலை அவர்களுடையது.

லஸ் பக்கம் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஆம்ப்ரோஸ்தான் பந்தயச் செய்தியைக் கொண்டுவந்தவர். சாந்தோம்காரர். இந்த மாதிரி கார் வைத்திருக்கிறவர்கள் ஊரில் இன்னும் சிலர் இருக்கிறார்களாம், அடையாறில் தோல் வியாபாரம் செய்யும் ஹபீபுர் ரஹ்மான் பங்களாவில் அவருடைய மகள்கள் ஸ்கேட்டிங் பழகப் போட்ட சிமெண்டுத் தரை இருக்கிறதாம், அங்கே ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கூடி ஓட்டிப் பார்க்கலாம் என்று பேச்சு. அவர்களில் யாருக்கும் அதற்கு முன் பந்தயம் என்று ஓட்டிப் பழக்கம் கிடையாது. ராஜரத்தினம் அன்று சாப்பிடவே இல்லை. குழந்தை மாதிரி ஆகிவிட்டான்.

ஒரே ஒரு சங்கடம். அவனுக்குக் கார் போகும்போது ஓட்ட வந்தது, வரும்போது வரவில்லை. விலகிப் போகிற கார் அவன் சொன்னபடி வளையும். தொட்டியைச் சுற்றிக்கொண்டு அவனைப் பார்த்துத் திரும்பியதும் அதனுடைய இடது அவனுக்கு வலதாகிவிடும். விரல் தடுமாறும். கைப்பிடிச் சுவரில் போய் டமாரென்று மோதும். தினமும் இதே கதை. சலித்துப்போய்ப் பெட்டியை அவளிடம் நீட்டுவான். அவள் வாங்கி ஓட்டினால் கார் போகிற மாதிரியே வரும். வளைவில் அவள் கழுத்து காரோடு சேர்ந்து ஒரு பக்கமாகச் சாயும். அவன் சிரிப்பான். எப்படி என்று கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை.

ஒரு நாள் ஆம்ப்ரோஸ் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கொண்டுவந்து ஏரியல் நுனியில் கட்டினார். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ரேடியோ அலை, ஒவ்வொரு அலைக்கும் ஒரு நிறம். ஒரே நிறக்காரர்கள் இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஓட்டினால் ஒருத்தர் பேச்சை மற்றவர் கார் கேட்டுவிடும் என்று விளக்கினார். அப்போது பெட்டி முத்துலட்சுமியின் கையில் இருந்தது. அவர் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்.

"இன்னா சார், அண்ணி இவ்ளோ சோக்கா ஓட்டிக்கினு கீறாங்க! நீங்க ஏன் சார் கஷ்டப்படுறீங்க? அவங்களையே இட்டுக்கினு வந்துடுங்க."

ராஜரத்தினம் சிரித்தான். ஆனால் அன்று கார் ஓய்ந்ததும் அவன் உட்காரவில்லை, நேராகக் கீழே இறங்கிவிட்டான். அவள் அட்டைக் குழாய்களை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினாள். ஒருவர் கீழே போய்விட்டால் அந்த மாடி எவ்வளவு பெரியதாகிவிடுகிறது என்று பார்த்தபடி நின்றாள்.

பந்தயத்துக்கு முந்தின வாரம் அண்ணன் பேசினார். பாண்டி பஜாரில் இரண்டாவது கடை திறக்கப்போகிறார்கள், விடிகாலையில் லாரியில் சரக்கு வரும், பக்கத்தில் நின்று இறக்க வீட்டு ஆள் வேண்டும். "ஞாயித்துக்கிழமையோட இந்த விளையாட்டை ஏறக்கட்டிரு தம்பி" என்று தன்மையாகத்தான் சொன்னார்.

மறுநாள் மாடியில் ராஜரத்தினம் காரின் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே அதைச் சொன்னான். "ரஹ்மான் பாய் ஆம்ப்ரோஸ்ட்ட சொல்லி இந்தக் காரை ரொம்ப நாளா கேக்காரு. பந்தயம் முடிஞ்சதும் அவருட்டயே குடுத்துருவோம். சும்மா கெடந்து தூசி அடையுததுக்கு அங்கன ஓடட்டும்."

"சரி" என்றாள் அவள். வேறென்ன சொல்வது? காரைக் கொடுக்காதீர்கள் என்றால், உனக்கு எதற்குக் கார் என்று கேட்பான். கேட்பது காருக்காக இல்லை என்று எப்படி விளங்கவைப்பது? அவளுக்கு வேண்டியது அது ஓடி ஓய்ந்த பிறகு வருகிற கொஞ்ச நேரம். அதற்கு ஒரு பெயர் இருந்திருந்தால் கேட்டிருப்பாள். பந்தயம் இன்னும் ஒரு மாதம் தள்ளிப்போகாதா, மழை வராதா, அந்தச் சிமெண்டுத் தரை விரிசல் விட்டுப்போகாதா என்றெல்லாம் நினைத்தாள்.

சனிக்கிழமை காலை அவன் மறுபடியும் சுவரில் மோதினான். முன் சக்கரத்தின் கம்பி வளைந்துவிட்டது. இடுக்கியால் அதை நிமிர்த்திவிட்டுத் தொட்டியில் சாய்ந்து உட்கார்ந்தான்.

"எனக்கு இது வராது முத்து. நாளைக்கு அத்தனை பேரு முன்னால போயி இப்படி முட்டிக்கிட்டு நிக்கணுமா? பேசாம போகாம இருந்துரலாமான்னு பாக்கேன்."

மேற்கே ஒரு ரயில் போயிற்று. பேசாமல் இருந்தால் போதும் என்று அவளுக்குத் தெரிந்தது. போகமாட்டான். போகாவிட்டால் கார் கைமாறாது, இன்னும் நாலு நாளைக்காவது இந்த மாடி இருக்கும். வாயைத் திறக்க வேண்டியதே இல்லை. ஆனால் அவன் உட்கார்ந்திருந்த விதம் அவளைப் படுத்தியது. சட்டைத் துணிப் பிரிவில், மடித்துப் போட்ட துணிகளுக்கு நடுவில், கடைக்குப் போகும்போதெல்லாம் அவள் பார்த்த அதே உட்காரல்.

"நீங்க இங்கன நின்னுக்கிட்டு ஓட்டுதிய" என்றாள்.

"பின்னே எங்கன நிக்க?"

"நிக்கக் கூடாது. காருக்குள்ள போயி உக்காந்துக்கிடணும். நான் அப்படித்தான். நம்ம உள்ள இருந்தா அது எங்க திரும்புனாலும் இடது இடதுதானே? மாடியில நிக்கது யாரோன்னு நெனச்சுக்கிடுங்க."

அவன் அவளையே பார்த்தான். "இத்தனை நாளு ஏம்ட்டி சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

பேட்டரியில் மிச்சமிருந்த கொஞ்ச உயிரில் அவன் ஓட்டிப் பார்த்தான். முதல் சுற்றில் திக்கிற்று. அடுத்த சுற்றில் கார் தொட்டியைச் சுற்றிக்கொண்டு அவனைப் பார்த்து வந்து, சுவருக்கு ஒரு சாண் முன்னால் மெல்ல வளைந்து, போன வழியே போயிற்று. அவன் கத்தினான். கீழே யாரோ என்னவோ என்று கேட்டார்கள். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ரஹ்மான் பாய் வீட்டுத் தோட்டத்தில் வேப்பமரத்தடியில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். பெண்களுக்கு வராந்தாவில் ஜமக்காளம். அவர் மனைவி ஜமீலுன்னிசா எல்லோருக்கும் ரோஜா சர்பத் கொடுத்தாள். பந்தயம் என்றதும் முத்துலட்சுமி என்னென்னவோ எண்ணியிருந்தாள். பார்த்தால் வேட்டியும் பேண்ட்டுமாகப் பெரிய பெரிய ஆண்கள் ஒரு சாக்பீஸ் கோட்டுக்குப் பின்னால் நெருக்கியடித்துக்கொண்டு பெட்டியும் கையுமாக நின்றார்கள். ஆம்ப்ரோஸ் விசில் ஊதினார். கார்கள் வண்டுகள் மாதிரி இரைந்துகொண்டு பாய்ந்தன. முதல் வளைவிலேயே ரஹ்மான் பாயின் கார் மல்லாந்தது. இன்னொன்று பாதையை விட்டுச் செடிகளுக்குள் போய்விட்டது. ராஜரத்தினத்தின் கார் தூரத்து வளைவில் திரும்பி, அவனைப் பார்த்து வந்தது.

அவள் காரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். அவனுடைய கழுத்து இடப்பக்கம் சாய்ந்தது. தோளும் கூடவே இறங்கியது. அடுத்த வளைவுக்கு வலப்பக்கம். அது அவளுடைய சாய்வு. அவள் எங்கேயிருந்தும் படிக்காத, தானாக வந்த சாய்வு. இத்தனை பேருக்கு நடுவில், சாயங்கால வெயிலில், அது அவன் உடம்பில் நின்றுகொண்டிருந்தது. முந்தானைக்குள் அவள் கட்டைவிரல்கள் அசைந்தன. பிறகு அசைவதை நிறுத்தின.

கோபாலபுரத்து டாக்டர் ஒருவருக்கு முதல் இடம். இவனுக்கு இரண்டாவது. ஆட்கள் சூழ்ந்துகொண்டு அவன் முதுகில் தட்டினார்கள். "ஷாபாஷ்! வரும்போதும் அப்படியே ஓட்டுறீங்களே, எப்படி சார் பழகினீங்க?" என்று ரஹ்மான் பாய் கேட்டார். அவன் வராந்தா பக்கம் திரும்பினான். யாரோ குறுக்கே வந்து கை கொடுத்தார்கள். அவன் என்ன பதில் சொன்னான் என்பது அவளுக்குக் கேட்கவில்லை.

திரும்பும்போது ஆட்டோவில் கார் அவள் மடியில் இருந்தது. அடையாறு பாலம் வருகிறவரை அவன் ஒவ்வொரு வளைவாகச் சொல்லிக்கொண்டே வந்தான்.

"கையோட குடுத்துருக்கலாம்லா?" என்றாள் அவள், வெளியே பார்த்துக்கொண்டு.

"நாளைக்கு ஆள் அனுப்புதேன்னாரு."

"எப்ப வருவாராம்?"

"காலையிலன்னாரு. நாந்தான் பத்து மணிக்கு மேல அனுப்புங்கன்னு சொன்னேன்." அவன் தொண்டையைச் செருமிக்கொண்டான். "லாரி புதன்கிழமைதான் வருது. வீட்டுக்குப் போனதும் காலைக்குச் சார்ஜுல போட்டுருதேன்."

பாலத்தின் நடுவில் கடல் காற்று ஆட்டோவின் இரண்டு பக்கமும் புகுந்து அடித்தது. முகத்துவாரத்துப் பக்கம் தண்ணீர் மங்கிக்கொண்டு வந்தது. திட்டில் நின்ற கொக்குகள் மட்டும் இன்னும் வெள்ளையாகத் தெரிந்தன. காரின் அடியிலிருந்து மோட்டாரின் சூடு புடவையைத் தாண்டித் தொடையில் இறங்கிக்கொண்டிருந்தது. காற்று பட்டு அது ஆறிவிடாமல், அவள் முந்தானையை எடுத்து அதன்மேல் போர்த்தி இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.