மீராசாஹிபின் மன்னிப்பு

வாப்பாவின் முகத்தைக் கடைசியாகப் பார்த்த உம்மாவைத் தாங்கிப் பிடித்து அறைக்குள் கூட்டிவந்துகொண்டிருந்தாள் ஸம்ஹா. அப்போதுதான் முற்றத்தில் கட்சிக் கிளைத் தலைவர் ஹலீம் நானாவின் குரல் கேட்டது. ஜனாஸாவைத் தூக்குமுன் கட்சி சார்பாக இரண்டு வார்த்தை பேசுகிறாராம். அவள் ஜன்னல் திரைக்குப் பின்னால் நின்றுவிட்டாள்.

"மீராசாஹிப் நானா பெல்மதுளைக் கிளைக்கு இருபத்திரெண்டு வருஷம் செயலாளரா ஈந்தவர். நடுவுல ஒரு விஷயத்துல சறுக்கினது உண்மைதான். ஆனா மவுத்துக்கு முந்தி பிழைய ஒத்துக்கிட்டு கடிதம் தந்துட்டார். கட்சி மன்னிச்சிட்டிச்சி. அல்லாஹ்வும் மன்னிக்கட்டும்."

"ஆமீன்" என்றது முற்றம்.

அந்தக் கடிதத்தை எழுதியவள் ஸம்ஹா.

காஸாவுக்காக ஊர்வலம் போகக் கட்சி அடிக்கவிருந்த நோட்டீஸில் தொடங்கியது எல்லாம். 'யூதர்களை ஒழிப்போம்' என்பது தலைப்பு. வாப்பா அதை வெட்டி, 'இஸ்ரேல் அரசே, குண்டு போடுவதை நிறுத்து' என்று மாற்றி எழுதினார். இந்த வீட்டு முன்னறையில்தான் கூட்டம் நடந்தது. தேத்தண்ணி கொண்டுபோன ஸம்ஹா வாசலில் நின்று கேட்டாள்.

"அந்த அரசாங்கத்த எவ்வளவு வேணும்னாலும் ஏசுங்க. நானும் ஏசுறேன். ஒரு சனத்த ஒழிக்கணும்னு எழுத வேணாம். நம்ம கடைக்குக் கல்லெறிஞ்ச அன்னைக்கி பஜார்ல ஒட்டின நோட்டீஸ்லயும் ஒரு சனத்துட பேர்தான் ஈந்திச்சி, நம்மட பேர்" என்றார் வாப்பா.

"யூத வெறுப்புன்னு ஒண்ணு நம்ம நாட்டுல இல்ல நானா. இஸ்ரேலப் பத்திப் பேசுறவன்ட வாயப் பொத்த வெள்ளக்காரன் வெச்ச பேரு அது" என்றார் ஹலீம்.

"வெள்ளக்காரன் அந்தப் பேர அப்பிடியும் பாவிப்பான்தான். அதுக்காக வெறுப்பே இல்லன்னு செல்ல ஏலுமா?"

ஒரு அரசு செய்யும் குற்றத்துக்காக ஒரு மக்களை வெறுப்பதில்லை என்று கட்சி ஒரே ஒரு வரி தீர்மானம் போடட்டும் எனத் தலைமையகத்துக்கு வாப்பா எழுதினார். இடைநிறுத்தக் கடிதம்தான் வந்தது. மறுபடியும் எழுதினார்.

ஜூலையில் அவருக்கு வாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. அதே வாரம் ஆசிரியையான ஸம்ஹாவுக்குக் கேகாலைக்கு மாற்றம். இரண்டு பஸ் மாறிப் பாடசாலைக்குப் போய் வருவதற்குள் இருட்டிவிடும். ஊருக்கு மாற்றித்தரக் கேட்டு ஹலீமிடம் போனாள். "செஞ்சி தாறேன் மகள். வாப்பாட ஒரு மன்னிப்புக் கடிதம் ஈந்தா லேசா ஈக்கும்" என்றவர், "எப்பிடி எழுதினாலும் பரவால்ல" என்றும் சொன்னார்.

எழுதினாள். வாப்பாவின் கையெழுத்தையும் போட்டாள். இரண்டு வாரத்தில் மாற்றம் கிடைத்தது.

அதனால்தான் இந்த இரண்டு மாதமும் பாடசாலை விட்டதும் வந்து அவர் பக்கத்தில் உட்கார முடிந்தது. வாப்பா தினமும் குழறிக் குழறிக் கேட்பார்:

"தலைமையகத்துல இருந்து பதில் வந்திச்சா?"

"இன்னும் இல்ல வாப்பா."

முற்றத்தில் பேச்சு முடிந்து, அறை வாசல் திரை விலகியது. ஹலீம் உள்ளே வராமல் கையை மட்டும் நீட்டினார். பிளாஸ்டிக் உறைக்குள் கடிதம்.

"பத்திரமா வெச்சிக்கோங்க மகள். ஞாபகத்துக்கு."

ஸம்ஹா வாங்குவதற்குள் உம்மா வாங்கிக்கொண்டாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்து வாசித்தாள். கையெழுத்தில் விரலை வைத்தாள். பிறகு திகதியில்.

"ஆகஸ்ட் மாசம் அவருக்குக் கரண்டி புடிக்கவும் ஏலாது மகள்."

ஸம்ஹா கடிதத்துக்குக் கை நீட்டினாள்; உம்மா கொடுக்காமல் கேட்டாள்.

"அவருக்குத் தெரியுமா?"

"இல்ல உம்மா."

உம்மா கடிதத்தை மடித்தாள். இன்னொரு தரம் மடித்தாள். உறை மடங்காமல் விறைத்துக்கொண்டு நின்றது.

"சரி. வாயத் தொறக்காதீங்க. நாளான்னைக்கி ஸ்கூலுக்குப் போக வேணுமே நீங்க."

வெளியே கலிமா சொல்லி ஜனாஸாவைத் தூக்கினார்கள். தேயிலைச் சரிவுப் பக்கமிருந்து மழை இறங்கிவந்தது. ஸம்ஹா ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பார்த்தாள். சந்தூக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஓடிய ஹலீம், கட்சியின் பெயர் அச்சடித்த பெரிய குடையை விரித்து வாப்பாவின் தலைப்பக்கம் நனையாமல் பிடித்துக்கொண்டார். பாதை திரும்பும்வரை அந்தக் குடை மட்டும்தான் தெரிந்தது.