கொட்டாவி வரட்டும்

சிகிச்சைக்குப் போகிற அன்றாவது ஆள் பார்க்கிற மாதிரி இருக்க வேண்டும் என்று லிஃப்ட் மெக்கானிக் நினைத்தான். சட்டையை இஸ்திரி போட்டான், தலை சீவினான், கை நடுக்கம் தெரியாமலிருக்க விடிந்ததும் ஒரு வலி மாத்திரையை விழுங்கினான். மாத்திரைப் பழக்கத்தை விட வந்த இடத்துக்கே மாத்திரை போட்டுக்கொண்டு வந்த அறிவாளி வேறு யாரும் இருக்க முடியாது என்று அவனுக்கே பட்டது.

முதுகில் அடிபட்டபோது ஆரம்பித்தது. முதுகு சரியாகிவிட்டது, மாத்திரைதான் ஆளை விடவில்லை. இந்தப் போதை மறுவாழ்வு மையத்தைக் கண்டுபிடிக்க அக்கா ஏறாத படி இல்லை. பஸ்ஸில் வரும்போது ஒன்றுதான் சொன்னாள்: "இன்னொரு பொய் சொன்னேன்னா நான் உனக்கு அக்கா இல்லடா."

நர்ஸ் ஒரு சின்ன கப்பில், பழக்கத்தை விடவைக்கும் மாற்று மாத்திரையோடு வந்தார். "நாக்குக்கு அடியில வெச்சு கரைய விடணும். நேத்து ராத்திரியிலிருந்து எதுவும் போடலல்ல?"

"ஒண்ணும் தொடலங்க."

வாயை விட்டு வந்த பிறகுதான் அது யார் வசனம் என்று உறைத்தது. அடிபட்ட அன்று, அவன் லிஃப்ட் பழுதுபார்க்கப் போன கட்டடத்தின் வாட்ச்மேன் இதைத்தான் சொன்னான். அதை நம்பி இவன் லிஃப்டுக்கு மேலே ஏறினான். இவன் அணைத்து வைத்திருந்த சுவிட்சை வாட்ச்மேன் தொட்டிருந்தான்; லிஃப்ட் நகர்ந்தது. முதுகு போனது.

நர்ஸ் டார்ச் அடித்துப் பார்த்தார். மாத்திரை போட்டவர்களுக்கு ஆவது போல, அவன் கண்மணி ஊசிமுனையளவு சுருங்கியிருந்தது.

"பழைய மாத்திரை உடம்புல இருக்கும்போது இதை வெச்சா, அதை ஒரேயடியா பிடுங்கிப் போட்டுடும். வாந்தி, நடுக்கம் எல்லாம் மொத்தமா வந்து உலுக்கிடும். அதனால இன்னொரு தடவ கேக்கறேன்."

அக்கா பையின் வாரை விரலில் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். விரல் வெளுத்திருந்தது.

"காலையில ஒண்ணு போட்டேன்," என்றான். "உங்க முன்னாடி மரியாதையா உக்காரணும்னு."



"சொன்னீங்களே, நல்லதாப் போச்சு," நர்ஸ் கப்பை மூடினார். "போயிடாதீங்க. பழசு உடம்பை விட்டு இறங்கினா கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், கை முடி சிலிர்க்கும். அப்ப தரேன்."

அக்கா எழுந்து கதவை நோக்கி நடந்தாள். சொன்னபடியே விட்டுப் போகிறாள் என்று அவன் பாதி எழுந்தான். கதவருகே நின்று போனை எடுத்தாள்.

"மேடம், இன்னைக்கு வேலைக்கு வரல. தம்பி ஆஸ்பத்திரியில இருக்கான். மாத்திரைப் பழக்கம்."

இத்தனை நாளும் தம்பி வெளியூரில் இருப்பதாகச் சொல்லிவந்தவள் அவள்.

திரும்பி வந்து கையை நீட்டினாள். "மீதி எங்க?"

சாக்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தான். "தூ, நாத்தம்," என்று நுனிவிரலால் வாங்கி நர்ஸிடம் ஒப்படைத்தாள்.

மதியம் போய் வெயில் சாய்ந்தது. முழங்கால் தானாக ஆடியது, நெற்றி வேர்த்தது. கதவு பூட்டியிருக்கவில்லை, மாத்திரை விற்பவன் நிற்கும் சந்து இரண்டு தெரு தள்ளித்தான். அவன் கதவைப் பார்த்தான். அக்கா, அடுப்பில் பால் வைத்தவள் போல, அவன் வாயையே பார்த்தாள்.

"வருதாடா?"

"இல்ல."

கடைசியில் அவளே வாய் பிளந்து கொட்டாவி விட்டாள்.

"உன்னுது கணக்குல வராதுக்கா."

"வாயை மூடு."

மூட முடியவில்லை. தாடை தானாகத் திறந்தது, கண்ணில் நீர் கோத்தது, கை முடியெல்லாம் எழுந்து நின்றது. அதற்குள் அக்காவும் எழுந்து நின்றிருந்தாள்.

"சிஸ்டர், சீக்கிரம் வாங்க. வந்துடுச்சு."