ஜன்னல் வழியாக வந்த சோபா

அவள் கணவனுக்குத் ‘தாராளம்’ என்று பெயர் வைத்தவர்கள் வெல்டிங் பட்டறை ஆட்கள். ஒருமுறை மழை நாளில் குடை வாங்கப் போனவன், கடை வாசலில் ஒதுங்கி நின்றவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு குடை வாங்கிக் கொடுத்துவிட்டு, தான் நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்தான். கேட்டவர்கள் சிரித்தார்கள். அவளும் அன்றைக்குச் சிரித்தாள். கல்யாணமான புதிது, அதனால் சிரிப்பு வந்தது.

குடிகாரனுக்கு வாழ்க்கைப்பட்டிருந்தால் நாலு பேர் அவள் பக்கம் நியாயம் பேசியிருப்பார்கள். கொடுக்கிறவனுக்கு வாழ்க்கைப்பட்டவளுக்கு யார் பேசுவார்கள்? அவன் வாங்கி வருவதெல்லாம் அவளுக்காகத்தான். கால் வைத்த இடமெல்லாம் அவன் பிரியம் தடுக்கும் வீடு அது. கூடம் ஒன்று, பின்னால் அடுப்படி ஒன்று, அவ்வளவுதான். கூடத்து ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டு, பள்ளிச் சீருடையும் தலையணை உறையும் தைத்துக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு ஒரே ஓர் ஆசை. தெருமுனை மருந்துக்கடையை ஒட்டி, அந்தக் கடைக்காரருக்கே சொந்தமான ஒரு சின்ன அறை காலியாக இருந்தது. அதில் தையல் கடை போட வேண்டும், தன் பெயரில். அட்வான்ஸுக்கு இரண்டு பேருமாகச் சேர்த்தார்கள். அவள் தைத்தது பாதி, அவன் பட்டறையில் சம்பாதித்தது பாதி. இந்த வாரம் கொடுத்துவிடுவதாக அவனே மருந்துக்கடைக்காரரிடம் சொல்லியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. வண்டியில் நீளமான சோபா ஒன்று, பாலிதீன் உறை கூடப் பிரிக்காமல் இருந்தது. பட்டறை ஆட்கள் நாலு பேர் பிடித்துப் பார்த்தார்கள். வாசல் வழியாக நுழையவில்லை. நிமிர்த்தியும் சாய்த்தும் பார்த்தார்கள், ஊகூம்.

வேறு யாராயிருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் அவன் வெல்டர் ஆயிற்றே. ஜன்னல் கிரில்லையே அறுத்து எடுத்துவிட்டான். “நீ போய் எல்லாருக்கும் டீ போடும்மா. இங்க தூசு, கண்ணுல விழும்” என்று அவளை அடுப்படிக்கு அனுப்பினான். “இப்போதைக்கு இது உள்ள இருக்கட்டும்” என்று தையல் மிஷினையும் அவள் பின்னாலேயே தள்ளினான். சோபா ஜன்னல் வழியாக உள்ளே வந்து, இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தது. கிரில்லைப் பழையபடி வைத்துப் பற்றவைத்துவிட்டான்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். அவன் அளக்காமல் இல்லை. ஜன்னலை அளந்தான், சுவரை அளந்தான். அடுப்படிக் கதவு கூடத்துப் பக்கம் திறக்கும் என்பதைத்தான் மறந்துவிட்டான். டீத் தட்டோடு வந்து அவள் கதவைத் தள்ளினாள். ஒரு சாண் திறந்து, சோபாவின் கையில் இடித்து நின்றது.

“என்னங்க, கதவு திறக்கல.”

“ஐயையோ. இரும்மா, தூக்கச் சொல்றேன்.”

அதற்குள் பட்டறை ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். நாத்தனார் வந்து நடுவில் உட்கார்ந்தாள். எதிர் வீட்டுக்காரர்கள் வந்தார்கள். எல்லாரும் எழுந்து தூக்கினால்தான் சோபா நகரும். உட்கார்ந்தவர்களுக்கு எழ மனசு வரவில்லை.

“டீயை அப்படியே சந்து வழியா குடுங்க அண்ணி. குடிச்சிட்டுத் தூக்கிடலாம்” என்றாள் நாத்தனார். “எங்கண்ணன மாதிரி யாருக்குக் கிடைக்கும்? குடுத்து வச்சவங்க நீங்க.”

அவள் ஒவ்வொரு டம்ளராக நீட்டினாள். வெளியே யார் யாரோ வாங்கிக்கொண்டார்கள். கடைசி டம்ளரை வாங்க அவனே வந்தான். சந்தில் பாதி முகம்தான் தெரிந்தது.

“எந்தக் காசுங்க?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“நம்ம காசுதான். ஸ்டூல்ல உக்காந்து உக்காந்து உனக்கு முதுகு போகுது. நான் பாத்துட்டுதானே இருக்கேன்?”

இந்தப் பதிலில் கோபப்பட ஓர் இடம் வேண்டுமே! முதுகு வலித்தது உண்மை. அவன் பார்த்ததும் உண்மை.

அப்போது வாசலில் மருந்துக்கடைக்காரர் குரல் கேட்டது. “சோபா பிரமாதம். அப்ப அட்வான்ஸ் நாளைக்கு வருதா? வேற ஒருத்தர் கேட்டுட்டே இருக்கார்.”

அவன் சிரித்தபடி சொன்னான்: “இனிமே அவளுக்கு எதுக்குங்க கடையெல்லாம்? ராணி மாதிரி வீட்ல உக்காரட்டுமே.”

“பட்டறையில நீ தாராளம்னா, வீட்ல மகா தாராளம்டா” என்றான் ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் நல்ல மனுஷன். அவர் மட்டும் அடுப்படிக் கதவுப் பக்கம் திரும்பிக் கேட்டார்: “ஏம்மா, நீ என்ன சொல்ற?”

அவள் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வேண்டும் என்று சொல்லலாம். சொன்னால் இத்தனை பேர் நடுவில் அவன் முகம் செத்துப்போகும். முகம் செத்தாலும் காசு திரும்பி வராது.

“கேக்கறவருக்கே அறையைக் குடுத்துடுங்க” என்றாள்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். தன் வாயாலேயே சொல்லிவிட்டோமே என்று தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம் வந்தது. திரும்பி மிஷினைப் பார்த்தாள். அடுப்புக்கும் பாத்திரக் கூடைக்கும் நடுவே, வெளிச்சமில்லாத மூலையில் அது இருந்தது. அங்கே உட்கார்ந்து ஊசியில் நூல் கோக்கக்கூட முடியாது.

டீ முடிந்ததும் ஆட்கள் ஒருவழியாக எழுந்து சோபாவைத் தூக்கினார்கள். கதவு திறந்தது. அவன் அவள் கையைப் பிடித்து அழைத்து வந்தான்.

“உக்காரும்மா. உனக்குன்னு வாங்கினது, நீ மட்டும்தான் இன்னும் உக்காரல.”

உட்கார்ந்தாள். முதுகு மெத்தென்று உள்ளே இறங்கியது. இத்தனை வருஷமாக இடுப்பில் இறுகியிருந்தது அப்படியே தளர்ந்தது. அது சுகமாக இருந்தது, பொய்யில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

அவனுக்கும் கண் கலங்கிவிட்டது. சுற்றி நின்றவர்களைப் பெருமையாகப் பார்த்தான்.

“பாத்தீங்களா, சந்தோஷத்துல அழுறா. அடுத்த மாசம் இவளுக்கு ஒரு பெரிய டிவி வாங்கணும்.”